தாளம் கை மாறிய பிறகு: பிளாக் பார்ட்டி இசைக்குழுவை விளங்கிக்கொள்ள

லண்டனைச் சேர்ந்த பிளாக் பார்ட்டி இசைக்குழுவின் முதல் ஆல்பம் ‘சைலண்ட் அலாரம்’ 2005 பிப்ரவரியில் வெளிவந்தது. 2025இல் அதற்கு இருபது வயது நிறைந்தது. அதை வாசித்துப் பதிவுசெய்த நால்வரில் இருவர் இன்று குழுவில் இல்லை. ஆனாலும் அதே பெயரில், அதே பாடல்களோடு குழு மேடையேறுகிறது; 2024 ஜூலையில் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் பெரிய திறந்தவெளி நிகழ்ச்சியே நடத்தியது. இந்தச் செய்திகளைப் படிப்பவருக்கு இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. ‘போஸ்ட்-பங்க்’, ‘இண்டி’ என்றெல்லாம் எழுதிச் செல்கிறார்களே, அவை எதைக் குறிக்கின்றன? பாதிப் பேர் மாறிய பின்னும் இது அதே குழுதானா?

இரண்டுக்கும் விடையைத் தேட வேண்டிய இடம் ஒன்றுதான்: தாளம். பாடகர் இருக்கிறார், முதன்மைக் கிதார் கலைஞர் இருக்கிறார் என்று தலையை மட்டும் எண்ணினால் பெரிய இழப்பு எதுவும் தெரியாது. ஆனால் போனவர்கள் டிரம்ஸ் வாசித்தவரும், தாழ்ந்த சுரங்களைத் தரும் பேஸ் கிதார் வாசித்தவரும். மற்ற ராக் குழுக்களில் அவர்கள் பின்வரிசை. இந்த வகை இசையில் கட்டடமே அவர்கள் மேல்தான் நிற்கிறது.

முதலில் சொற்கள்

1. பங்க்: 1976, 77 ஆண்டுகளில் பிரிட்டனில் வெடித்த இசை. வேகமும் சத்தமும் கோபமும் அதன் முகம். பல ஆண்டுப் பயிற்சி இல்லாதவரும் கிதாரை எடுத்து மேடையேறலாம் என்ற துணிவைத் தந்ததுதான் அதன் பெரிய கொடை.

2. போஸ்ட்-பங்க்: பங்க்குக்குப் பிந்தையது என்று பொருள். ஏறக்குறைய 1978 முதல் எண்பதுகளின் முற்பகுதி வரை. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு உடைந்த பிறகு அதன் பாடகர் ஜான் லைடன் தொடங்கிய பப்ளிக் இமேஜ் லிமிடெட், லீட்ஸ் நகரத்தின் கேங் ஆஃப் ஃபோர், மான்செஸ்டர் வட்டாரத்தின் ஜாய் டிவிஷன் ஆகியவை இதன் முன்னோடிகள். பங்க் தந்த துணிவை இவர்கள் வைத்துக்கொண்டார்கள். அதன் பழைய ராக் அடித்தளத்தை விட்டுவிட்டார்கள். ஜமைக்காவின் டப் இசையிலிருந்து கனத்த பேஸ் ஒலியையும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஃபங்க், டிஸ்கோ இசைகளிலிருந்து ஆட்டத் தாளத்தையும் எடுத்துக்கொண்டார்கள். இதனால் கிதாரின் வேலை மாறியது. நீண்ட தனி வாசிப்பு போய், கத்தரியால் நறுக்கியது போன்ற குறுகிய, கரகரப்பான வெட்டுகள் வந்தன. முன்னால் நின்ற கிதார் ஒதுங்கி வழிவிட, பேஸும் டிரம்ஸும் முன்னுக்கு வந்தன.

3. இண்டி: முதலில் இது ஒரு வணிகச் சொல். பெரிய இசை நிறுவனங்களைச் சாராத சிறு வெளியீட்டாளர்களைக் குறித்தது. அவர்களுடைய இசைத்தட்டுகளுக்கென 1980 ஜனவரியில் பிரிட்டனில் தனி விற்பனைப் பட்டியலே தொடங்கப்பட்டது. நாளடைவில் அந்தச் சொல் ஒலியைக் குறிக்கத் தொடங்கியது. எந்த நிறுவனம் வெளியிட்டாலும் ஒருவகைக் கிதார் இசைக்கு ‘இண்டி’ என்ற பெயர் நிலைத்தது.

போஸ்ட்-பங்க் சாயல் கொண்ட இண்டி ராக் என்றால், கிதார் குழுவின் உருவமும் ஆட்டத் தாளத்தின் உயிரும் சேர்ந்த இசை என்று புரிந்துகொள்ளலாம். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஓரமாகக் கிடந்த இந்த முறை 2000களின் தொடக்கத்தில் மீண்டு வந்தது. நியூயார்க்கில் இன்டர்போல், கிளாஸ்கோவில் ஃபிரான்ஸ் ஃபெர்டினண்ட் ஆகிய குழுக்கள் அதற்கு வழி திறந்தன.

நால்வர் சேர்ந்த விதம்

நைஜீரியப் பெற்றோருக்கு லிவர்பூலில் பிறந்த கெலே ஒகெரெக்கே பாடகர், கிதாரும் வாசிப்பார். மற்றொரு கிதார் ரஸ்ஸல் லிசாக். ஏற்கெனவே அறிமுகமான இருவரும் 1999 ரெடிங் இசைவிழாவில் மீண்டும் சந்தித்தபோது குழு தொடங்க முடிவு செய்தார்கள். இசை இதழ் ஒன்றில் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் பேஸ் கிதார் கலைஞர் கார்டன் மோக்ஸ். டிரம்ஸுக்குப் பலரை வாசிக்க வைத்துப் பார்த்து, கடைசியில் கிடைத்தவர் மாட் டாங். அவர் வந்த பிறகுதான் குழு தன் ஒலியைக் கண்டடைந்தது.

ஓரிரு பெயர்களை மாற்றிப் பார்த்துவிட்டு 2003இல் இன்றைய பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். தெருவாசிகள் கூடிக் கொண்டாடும் விழாவுக்கு ஆங்கிலத்தில் பிளாக் பார்ட்டி என்று பெயர். அதன் முதற்சொல்லில் (Block) கடைசி எழுத்து ஒன்றை நீக்கி, குழு எழுதுவது போல Bloc என்று எழுதினால் ‘அரசியல் அணி’ என்ற பொருள் வந்துவிடும். ‘பார்ட்டி’ என்பதற்கும் ‘கட்சி’ என்ற பொருள் உண்டு. தமிழில் எழுதும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. விழாவும் அரசியலும் ஒரே பெயருக்குள் இருப்பது இவர்களுடைய பாடல்களுக்கும் பொருத்தமானது.

2003இல் ஃபிரான்ஸ் ஃபெர்டினண்ட் நிகழ்ச்சி ஒன்றுக்குப் போன ஒகெரெக்கே, தங்கள் மாதிரிப் பதிவை அக்குழுவின் பாடகர் அலெக்ஸ் கப்ரானோஸிடமும் பிபிசி ரேடியோ 1 அறிவிப்பாளர் ஸ்டீவ் லமாக்கிடமும் கொடுத்தார். லமாக் அதை விரும்பி வானொலியில் வாசிக்க அழைத்தார். 2004இல் விச்சிட்டா என்ற சிறு நிறுவனத்துடன் ஒப்பந்தமானது.

அந்த ஒலி எப்படிப் பின்னப்பட்டது

இந்தப் பகுதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பின்னால் நடந்தவற்றின் எடை இங்கேதான் தெரியும்.

டிஸ்கோ தாளத்தின் எலும்புக்கூடு எளிமையானது. காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம் ஒவ்வொரு அடியிலும் ‘தும்’ என்கிறது. இரண்டு அடிகளுக்கு நடுவில், ஹை-ஹேட் எனப்படும் இரட்டைத் தாம்பாளம் திறந்து மூடி ‘ட்ஸ்’ என்கிறது. தும்-ட்ஸ், தும்-ட்ஸ். கேட்பவரின் கால் தானாக அசையும். டிஸ்கோவில் இது நிதானமாக, மாறாமல் ஓடும். மாட் டாங் இதை ராக் இசையின் வேகத்துக்கு ஏற்றினார். அத்தோடு நிற்காமல், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உருட்டல்களும் முறிப்புகளும் சேர்த்தார். ஆட வைக்கும் தாளமாகவும், எந்த நொடியும் தடுமாறிவிடுமோ என்று பதற வைக்கும் தாளமாகவும் அது ஒரே நேரத்தில் இருந்தது. ‘சைலண்ட் அலாரம்’ கேட்கும்போது நெஞ்சில் ஏறும் படபடப்புக்குக் காரணம் பாடல் வரிகள் மட்டுமல்ல, இந்தக் கைகள்.

அடுத்தது கிதார்கள். ‘பேங்க்விட்’ பாடலை இரண்டு காதுக் கருவிகளையும் மாட்டிக்கொண்டு கேளுங்கள். பிறகு இடது காதை மட்டும், அடுத்து வலது காதை மட்டும் வைத்துக் கேளுங்கள். ஒருபக்கக் கிதார் நான்கைந்து சுரங்களைக் கொத்தாக அடித்துவிட்டு நிறுத்துகிறது. அந்த இடைவெளியில் மறுபக்கக் கிதார் பேசுகிறது. தனித்தனியே கேட்டால் இரண்டுமே ஓட்டை விழுந்த துண்டுகள். சேர்ந்தால்தான் மெட்டு. பின்னல் கோலாட்டத்தில் ஒருவர் கையிலுள்ள கயிற்றை மட்டும் பார்த்தால் பின்னல் எங்கே தெரியும்?

மூன்றாவது எதிரொலி. லிசாக் மிகுதியாகப் பயன்படுத்தும் டிலே பெடல், வாசித்த சுரத்தைச் சற்றுத் தாமதித்துத் திருப்பிச் சொல்லும் காலடிக் கருவி. எவ்வளவு தாமதம் என்பதை முன்கூட்டியே அமைத்துவிடுவார்கள். பாடலின் வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் எதிரொலி தாளத்தைவிட்டு விலகி, எல்லாம் குழம்பிவிடும். எனவே கிதார் கலைஞர் தன் விருப்பப்படி இழுத்து வாசிக்க முடியாது; டிரம்ஸை நம்பித்தான் அவர் நிற்கிறார். அந்த டிரம்ஸுக்கும் கிதாருக்கும் நடுவில் மோக்ஸின் பேஸ் ஓடி, ஒன்றை மற்றொன்றோடு தைக்கிறது. ஒகெரெக்கேயின் குரலும் சொற்களை வெட்டி வெட்டித் தாளத்தின் மேல் வைக்கிறது.

யாரும் தனியாக முதன்மை இல்லை. ஒருவர் கை மாறினால் மற்ற மூவரும் தங்கள் வாசிப்பை மாற்றியாக வேண்டிய ஏற்பாடு இது.

‘சைலண்ட் அலாரம்’ ஆல்பத்தைக் கோபன்ஹேகனில் 2004இல் பதிவு செய்தவர் தயாரிப்பாளர் பால் எப்வொர்த். பின்னாளில் அடெல் பாடிய ‘ரோலிங் இன் தி டீப்’ பாடலால் உலகறிந்தவர்.

2005: அலை உச்சியில் நின்ற ஆண்டு

‘சைலண்ட் அலாரம்’ பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் 3ஆம் இடத்துக்கு வந்தது. பிரிட்டனின் இசை இதழான என்.எம்.இ. அதை ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குப் பிரிட்டனில் தரப்படும் மெர்குரி பரிசின் அந்த ஆண்டு இறுதிப் பட்டியலைப் பார்த்தால் இந்த ஒலி அன்று எவ்வளவு பரவியிருந்தது என்பது விளங்கும். பன்னிரண்டு ஆல்பங்களில் பிளாக் பார்ட்டி, லீட்ஸின் கைசர் சீஃப்ஸ், நியூகாசிலின் மேக்சிமோ பார்க் ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. ஈழத் தமிழ்ப் பெற்றோரின் மகளான லண்டன் கலைஞர் எம்.ஐ.ஏ.வும், தந்தையின் இயக்கப் பெயரைத் தலைப்பாக்கிய ‘அருளர்’ ஆல்பத்தோடு அதே பட்டியலில் இருந்தார். பரிசு ஆண்டனி அண்ட் தி ஜான்சன்ஸ் குழுவுக்குப் போனது.

இவ்வளவு பேர் ஒரே பாணியில் இருந்தால் அடுத்த ஆல்பத்தில் என்ன செய்வது என்ற நெருக்கடி எல்லோருக்கும் வரும். பலர் முதல் ஆல்பத்தையே திரும்ப எழுதினார்கள். பிளாக் பார்ட்டி அப்படிச் செய்யவில்லை. அவர்களை மதிக்க அது ஒன்றே போதுமான காரணம்.

இரண்டு திருப்பங்கள்

2007 பிப்ரவரியில் வந்த ‘எ வீக்கெண்ட் இன் தி சிட்டி’ பிரிட்டனில் 2ஆம் இடம் பிடித்தது. அமெரிக்காவிலும் 12ஆம் இடம் வரை போனது. ஜாக்நைஃப் லீ தயாரித்த இந்த ஆல்பத்தின் பொருள் லண்டன் வாழ்க்கை. 2005 ஜூலை 7 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பத்திரிகைகள் ஊட்டிய அச்சத்தை ‘ஹண்டிங் ஃபார் விட்ச்சஸ்’ பேசுகிறது. நகரத்தில் கறுப்பின இளைஞர்கள் மேல் விழும் வன்மமும் ஓரினக் காதலின் தயக்கமும் இதில் இடம்பெற்றன. வெள்ளை இளைஞர்களே நிறைந்திருந்த அன்றைய இண்டி மேடையில் இவற்றைப் பாட ஆள் இல்லை. கறுப்பின மக்களின் தாளத்தில் வேரூன்றிய ஒரு பாணிக்குள், குடியேறிகளின் மகன் ஒருவர் தன் வாழ்க்கையைக் கொண்டுவந்து வைத்தார். முதல் ஆல்பத்தைவிட இது குறைந்தது என்று சொல்பவர்கள் உண்டு. மனத் துணிவில் இதுதான் அவர்களுடைய பெரிய ஆல்பம் என்பேன்.

மூன்றாவது ஆல்பம் ‘இன்டிமசி’ வெளியான விதமே செய்தியானது. அப்போதைய வழக்கப்படி, முடிந்த ஆல்பத்தைப் பல வாரங்களுக்கு முன்பே பத்திரிகைகளுக்கு அனுப்புவார்கள். அதற்குள் யாரோ இணையத்தில் கசியவிட்டுவிடுவார்கள். 2007 அக்டோபரில் ரேடியோஹெட் குழு இந்த வழக்கத்தை உடைத்துத் தன் தளத்திலேயே ஆல்பத்தை வெளியிட்டது. பிளாக் பார்ட்டி 2008 ஆகஸ்ட் 18 அன்று அறிவித்து, 21 அன்று தன் தளத்தில் விற்பனைக்கு வைத்தது. குறுந்தகடு அக்டோபரில்தான் கடைக்கு வந்தது. வேண்டியவர்கள் எல்லாரும் அதற்குள் கேட்டு முடித்திருந்தார்கள். பட்டியலில் 8ஆம் இடம்.

ஒலியைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று நடந்தது. ‘மெர்குரி’ போன்ற பாடல்களில் குரலும் டிரம்ஸும் கணினியில் வெட்டி ஒட்டப்பட்டவை. அதுவரை நான்கு பேரின் கைகளில் இருந்த பின்னல் திரைக்கு மாறத் தொடங்கியது. எனக்குப் படுவது இதுதான்: இரண்டு பேர் விலகியது பின்னால் நடந்தது, பின்னலின் முடிச்சு அவிழத் தொடங்கியது இங்கேதான்.

விலகலும் வருகையும்

2009இன் இறுதியில் குழு ஓய்வெடுத்தது. ஒகெரெக்கே 2010இல் தனி ஆல்பம் வெளியிட்டார். லிசாக் ஆஷ் குழுவோடு மேடைகளில் வாசித்தார். மோக்ஸ் யங் லீஜனேர் என்ற குழுவில் இருந்தார். 2012இல் வந்த நான்காவது ஆல்பத்தின் பெயர் ‘ஃபோர்’. நான்காவது ஆல்பம், நான்கு பேர். நியூயார்க்கில் பதிவான இது, ஒரே அறையில் நின்று வாசித்த முரட்டு ஒலியைத் திரும்பக் கொண்டுவந்தது. பட்டியலிலும் மீண்டும் 3ஆம் இடம். அந்த நால்வரின் கடைசி ஆல்பமும் அதுவே.

2013இல் டாங் விலகினார். 2015 மார்ச்சில் மோக்ஸ் விலகினார். அதே ஆண்டு பேஸுக்கு மெனோமெனா குழுவின் ஜஸ்டின் ஹாரிஸும் டிரம்ஸுக்கு லூயிஸ் பார்ட்டிலும் வந்தார்கள்.

2016 ஜனவரியில் வெளியான ‘ஹிம்ஸ்’ கேட்ட பழைய ரசிகர்கள் திகைத்தார்கள். மெதுவான, தியானம் போன்ற பாடல்கள். கிதார் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. குழு மந்தமாகிவிட்டது என்று பலர் முடிவு கட்டினார்கள். அந்த முடிவு அவசரமானது. முன்பு விளக்கிய ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள்: இரு கிதார்களும் சாய்ந்து நின்ற சுவர் இல்லை. இல்லாத சுவரில் சாய்வது போல நடிக்காமல், வேறு வகையில் பாட்டுக் கட்டினார்கள். எல்லாப் பாடலும் கைகூடவில்லை. ஆனால் முயற்சி நேர்மையானது. பல ஆண்டு மேடைகளில் பார்ட்டிலோடு பழகிய பிறகு 2022இல் வந்த ‘ஆல்ஃபா கேம்ஸ்’ ஆல்பத்தில் வேகமும் கூர்மையும் திரும்பின. டாங்கின் படபடப்பு அதில் இல்லை. பார்ட்டிலின் அடி நேரானது, உறுதியானது. கிதார்களும் அதற்கேற்ப நேர்க்கோட்டில் பாய்கின்றன.

பட்டியலில் ‘ஹிம்ஸ்’ 12ஆம் இடம், ‘ஆல்ஃபா கேம்ஸ்’ 7ஆம் இடம். 2005இன் 3ஆம் இடத்தோடு இவற்றை நேரடியாக ஒப்பிடக் கூடாது. அன்று எண்ணப்பட்டவை கடையில் விற்ற குறுந்தகடுகள். 2015 முதல் இணையத்தில் கேட்கப்படுவதும் ஆல்பம் பட்டியலின் கணக்கில் சேர்கிறது.

பெயர் யாருடையது, பாட்டு யாருடையது

‘அதே குழுதானா’ என்ற கேள்விக்குள் மூன்று தனித்தனி உரிமைகள் சிக்கிக் கிடக்கின்றன.

1. பெயர். எழுத்து மூலமான உடன்பாடு இல்லாவிட்டால், சேர்ந்து இயங்கும் குழுவினரை இங்கிலாந்துச் சட்டம் பொதுவாகத் தொழில் கூட்டாளிகளாகவே பார்க்கிறது. பெயர் கூட்டின் சொத்து. அதனால்தான் விலகும்போது பெயரை யார் வைத்துக்கொள்வது என்பதைப் பல குழுக்கள் முன்பே எழுதி வைக்கின்றன.

2. ஒலிப்பதிவு. 2005இல் பதிவான அந்த ஒலியின் உரிமை, குழுவுக்கும் வெளியீட்டு நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இன்று மேடையில் நிற்பவர் யார் என்பது அதைத் தொடாது.

3. பாடலாக்கம். ‘சைலண்ட் அலாரம்’ ஆல்பத்தில் வரிகள் ஒகெரெக்கே பெயரிலும், இசை குழுவின் பெயரிலும் உள்ளன. பாடலை ஆக்கியவருக்குரிய பங்கு, அவர் குழுவில் நீடிக்கிறாரா என்பதைப் பார்த்து வருவதல்ல. விலகிய பிறகும் ஆக்கியவர் ஆக்கியவரே.

பழைய ஆல்பத்தை முழுமையாக வாசிக்கும் நிகழ்ச்சிகள் பெருகியதற்கும் காரணம் உண்டு. இசைத்தட்டு விற்பனை சரிந்து, இணையத்தில் கேட்பதால் வரும் தொகை சிறுத்துப்போன நிலையில், நடுத்தர அளவுக் குழு ஒன்றின் பிழைப்பு பெரும்பாலும் மேடை டிக்கெட்டில்தான். எந்தப் பாடல்கள் வரும் என்று முன்பே தெரிந்தால் ரசிகர் தயங்காமல் டிக்கெட் வாங்குகிறார்.

2018இல் பிளாக் பார்ட்டி இப்படி ஒரு சுற்றுப்பயணம் போனபோது ஆல்பத்தைத் தலைகீழாக வாசித்தது. காரணம் பாடல் வரிசையில் இருக்கிறது. பதின்மூன்று பாடல்களில் ‘ஹெலிகாப்டர்’, ‘பாசிட்டிவ் டென்ஷன்’, ‘பேங்க்விட்’ மூன்றும் 2, 3, 4ஆம் இடங்களில் வருகின்றன. வீட்டில் கேட்பவரைத் தொடக்கத்திலேயே பிடித்து இழுக்க அது நல்ல வரிசை. மேடையில் பின்பற்றினால் முதல் இருபது நிமிடத்திலேயே அரங்கின் மூச்சு தீர்ந்துவிடும். எனவே, கடைசிப் பாடலான அமைதியான ‘காம்ப்ளிமெண்ட்ஸ்’ முதலில் வந்தது. படிப்படியாக வேகம் ஏறியது. ஆல்பத்தின் முதல் பாடலான ‘லைக் ஈட்டிங் கிளாஸ்’ கடைசிக்குப் போனது. லிசாக்கின் கிதார் எதிரொலித்துக்கொண்டே இருக்க, அதன் மேல் டிரம்ஸ் வந்து விழும் அந்தத் தொடக்கத்தை, எல்லாப் பாடலும் கேட்டு முடித்த கூட்டம் காத்து நின்று கேட்டது. அடித்தவர் லூயிஸ் பார்ட்டில்.